லைட் பார்க்க எடுத்த படங்கள்

அந்த ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்ட யாருக்கும் அந்த அம்மாவின் பெயர் தெரியாது. சிரிக்காதம்மா என்றால்தான் தெரியும். பாஸ்போர்ட் படத்தில் பல் தெரிந்தால் ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் கணவர் கேமராவைக் கண்ணில் வைத்ததும் அவள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு "சிரிக்காதீங்க" என்பாள். அவள் சொல்லும் தோரணையில், அதுவரை உம்மென்று உட்கார்ந்திருந்தவருக்குக்கூடச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அப்புறம் அவர் தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு படம் எடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான்.

அவளுக்கு இடது கண்ணுக்குக் கீழே, மூக்கை ஒட்டினாற்போல் ஒரு சின்ன முண்டு இருந்தது. கடுகளவில் வந்தது, மிளகாகி, அதற்கும் மேலே போய்விட்டது. பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பரு என்றார்கள், மரு என்றார்கள், உடம்புச் சூடு என்றார்கள். மருந்துக்கடைக்காரர் ஒரு களிம்பு கொடுத்தார். அது தீர்ந்ததும் இன்னொரு களிம்பு கொடுத்தார். எதிர்க்கடை பியூட்டி பார்லர்காரி, "ஒரு நிமிஷ வேலைக்கா, சுட்டு எடுத்துடறேன்" என்று பார்க்கும்போதெல்லாம் கூப்பிட்டாள். போயிருப்பாள்தான். கடையை விட்டு நகர முடியாததால் தப்பித்தாள்.

ஒரு நாள் காலையில் முகம் துடைத்த துண்டில் ரத்தம் இருந்தது. அப்புறம் அது ஆறுவதும், பொருக்குக் கட்டுவதும், மறுபடி கசிவதுமாக இருந்தது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு கவுன்டரில் உட்கார்ந்தால் வருகிறவர்கள் எல்லாம் "வீட்டுக்காரர் அடிச்சிட்டாரா?" என்று கேலி செய்தார்கள். அவளும் "ஆமா, திருப்பிக் குடுத்துட்டேன், அவர் உள்ள கட்டுப்போட்டுப் படுத்திருக்கார்" என்று பதிலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டர் டப்பா இரண்டாவது முறை காலியானதும்தான் தெருமுனை டாக்டரிடம் போனாள். எதற்கு வந்தாலும் ஓர் ஊசி போடாமல் அனுப்பாத மனிதர் அவர். அன்றைக்கு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஊசியும் போடாமல் காசும் வாங்காமல், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் காசு வாங்காததைப் பார்த்துத்தான் அவள் முதன்முதலாகப் பயந்தாள்.

அங்கே தோல் அறுவை டாக்டர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாத ஆள். லென்ஸ் வைத்துப் பார்த்தார், மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து, "கேன்சர்தான். ஆனா தோல் கேன்சர்லயே சாதுவான வகை. உயிருக்குப் பயமில்ல. விட்டு வெச்சா அக்கம்பக்கத்தைத் தின்னும். சுத்தமா எடுத்துட்டா முடிஞ்சுது" என்றார். சாது என்பதும் பயமில்லை என்பதும் காற்றோடு போய்விட்டன. அவள் காதில் தின்னும் என்பது மட்டும் நின்றது.

"எங்க எடுக்கணும் சார்?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"இங்கயே எடுக்கலாம்னு நினைக்கிறேன். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சு எடுக்கறது. சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம். இன்சூரன்ஸ் இருந்தா கீழ மேஜையில சொல்லி ஃபைல் போடுங்க. அடுத்த வாரம் வாங்க, எவ்வளவு எடுக்கணும்னு பார்த்துச் சொல்றேன்."

இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நடக்க சொந்தக்காரர்கள் விடுவார்களா? நாத்தனார் போனிலேயே அழுதாள். "முகத்துல கத்தி வைக்கிற விஷயம், பஸ் ஸ்டாண்ட் ஆஸ்பத்திரியிலயா? தலைநகரத்துக்குப் போங்க, அங்கதான் மிஷின் எல்லாம் இருக்கு" என்றாள். எந்த மிஷின் என்று கேட்டதற்கு, "எல்லா மிஷினும்தான்" என்றாள். தலைநகர ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் படுத்தியெடுத்தது. கடைசியில் மனிதக் குரல் ஒன்று கிடைத்து, முதலில் நேரில் வந்து பதிவு செய்யுங்கள், தேதி மாதக்கணக்கில் ஆகும் என்றது. கூடத் தங்குகிறவர்களுக்கு வெளியே வாடகை அறைதானாம். அவள் போனை வைத்துவிட்டு, "நம்ம ஊரே போதும். நான் காலையில போய் சாயங்காலம் கடைக்கு வந்துடுவேன்" என்றாள். கடைக்கு வர முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அப்படிச் சொன்னதில் ஒரு தைரியம் வந்தது.

பணத்துக்கும் வழி இருப்பதாகத்தான் தோன்றியது. நாலு வருடத்துக்கு முன்னால் ஏஜென்ட் ஒருவர் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து, போகும்போது இவர்கள் தலையில் ஒரு மருத்துவ இன்சூரன்ஸைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஸ்டூடியோக்காரர் அந்தக் காகிதங்களோடு தனியாகப் போய் மேஜையில் கொடுத்தார். அங்கே இருந்த பெண், பேனா மூடியைக் கடித்துக்கொண்டே படித்துவிட்டு, "பாலிசி எடுக்கும்போது இது இருந்துச்சா சார்? இருந்திருந்தா கம்பெனிக்காரங்க குடுக்க மாட்டாங்க. இல்லைன்னா பிரச்சினையே இல்ல. அந்தச் சமயத்துல எடுத்த போட்டோ ஏதாவது இருந்தா குடுங்க, அவங்க வாயை அடைச்சிடலாம்" என்றாள்.

ஒரு போட்டோகிராபரைப் பார்த்துப் போட்டோ இருக்கிறதா என்று கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்! கால் தரையில் பாவாமல் வந்தார். கடை முகப்பில் மாட்டியிருந்த படம், மகள் பள்ளிப் படிப்பு முடித்தபோது மூன்று பேருமாக நின்ற படம், பாலிசி எடுத்த வருடத்தில் எடுத்த படம் என்று நாலைந்தை நல்ல காகிதத்தில் போட்டு, பின்னால் தேதி எழுதி, மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லாவற்றிலும் அவள் கன்னம் துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. மனைவியிடம், "இன்சூரன்ஸ் வேலை முடிஞ்சுது, நீ ஒண்ணும் கவலைப்படாதே" என்று மட்டும் சொன்னார். என்ன கொடுத்தார் என்று சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

அடுத்த வாரம் டாக்டர் ஃபைலைத் திறந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. "நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையே!" என்றார். அப்புறம் பேனாவை எடுத்து அவள் கன்னத்திலேயே ஒரு வட்டம் போட்டு, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். வட்டம் மூக்கின் ஓரத்தில் ஏறி, மேலே கீழ் இமையைக் கடித்துக்கொண்டு நின்றது.

"ரொம்ப மெதுவா வளர்ந்ததுன்னு நினைச்சேன். நாலே வருஷத்துல ஒண்ணுமில்லாம இருந்து இவ்வளவுன்னா வேகமா வளர்றது. இவ்வளவு தள்ளி எடுக்கணும். இமை கீழ இழுத்துக்கும். வேற இடத்துத் தோலை எடுத்து ஒட்டணும். அதுக்கெல்லாம் இங்க வசதி இல்லம்மா. தலைநகரத்துக்கு எழுதித் தர்றேன்."

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மேஜை மேல் கிடந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை யார் சார் குடுத்தது?"

"நான்தாம்மா" என்றார் கணவர். "இன்சூரன்ஸுக்கு."

வெளியே நடைபாதையில் வரிசையாக இருந்த இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்ததும் அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு ஆறாவது படிக்கும்போது வந்ததுங்க இது. இப்ப அவ வேலைக்கே போயாச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"நாலு வருஷம் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நடந்தது இதுதான். பெண் ஆறாவது படித்தபோது அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார்கள். "இந்தப் பருவை மட்டும் எடுத்துடுங்களேன்" என்று அவள்தான் கேட்டாள். அவர் மவுஸை ஒரு தேய்ப்புத் தேய்த்தார், போய்விட்டது. அந்த ஒரு முறைக்கு அப்புறம் அவள் கேட்கவும் இல்லை, அவர் விடவும் இல்லை. யார் படம் வந்தாலும் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாவற்றையும் துடைத்துத்தான் அவருக்குப் பழக்கம். மனைவி முகம் வந்தால் கை தானாக அந்த இடத்துக்குப் போய்விடும். தும்முகிறவன் தும்மலை எண்ணுவானா? துடைத்த படத்தையே வைத்துக்கொண்டு பழையதை அழித்தும் விடுவார், டிஸ்க்கில் இடம் வேண்டுமே. வீட்டுச் சுவரில், கடை முகப்பில், மகள் போனில், எல்லா இடத்திலும் துடைத்த முகம்தான் இருந்தது. நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், கண்ணாடியில் தெரிவது ஏதோ அன்றைக்கு மட்டும் வந்தது போல அவளுக்கே தோன்றிவிட்டது.

அவள் எழுந்து நேராக இன்சூரன்ஸ் மேஜைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர்கிட்ட வாயால சொல்லிடுங்கம்மா. ஃபைல்ல இருக்கிறது ஃபைல்லயே இருக்கட்டும்." நல்ல மனசோடுதான் சொன்னாள்.

டாக்டரிடம் வாயால் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொல்றதை நம்பறேன். ஆனா ஃபைல் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு செய்ய முடியாது. பழைய நிஜப் படம் ஒண்ணு காட்டுங்க, மெதுவாத்தான் வளர்ந்திருக்குன்னு தெரிஞ்சா இங்கயே செய்யறேன். அந்தப் படமும் இதே ஃபைல்லதான் போகும்" என்றார்.

நிஜப் படத்துக்கு எங்கே போவது? ஊர் முழுக்கப் படம் எடுக்கிறவர் வீட்டில் நிஜப் படம் ஒன்றுகூட இல்லை. பஸ்ஸில் வரும்போது தலைநகரம், மாதக்கணக்கில் காத்திருப்பது, இழுத்துக்கொண்ட இமை, பூட்டிய கடை என்று அவள் மனதில் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது. இமையை நினைக்கும்போதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அவர்தான் திடீரென்று, "லைட் பார்க்க எடுத்தது இருக்குமே!" என்றார்.

ஒவ்வொரு பெரிய வேலைக்கு முன்னாலும், விளக்குகளை மாற்றி வைத்ததும், வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஓர் ஆளை உட்காரவைத்து ஒரு படம் எடுப்பார். அந்த ஆள் எப்போதும் அவள்தான். கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாலும், டீ குடித்துக்கொண்டிருந்தாலும் "ஒரு நிமிஷம் வந்து உட்காரு" என்பார். முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்காருவாள். அந்தப் படத்தை யாரும் கேட்கப்போவதில்லை, அதனால் துடைப்பதில்லை. அதை அழிக்கவும் அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

மேஜைக்கு அடியில் தூசி பிடித்துக் கிடந்த டிஸ்க்குகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினார். இருந்தது. ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் அவள் இருந்தாள். வாயில் சாப்பாட்டோடு, கொட்டாவி விட்டபடி, கண்ணை மூடிக்கொண்டு, கேமராவை முறைத்துக்கொண்டு, ஈரத் தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு. கன்னத்தில் கடுகு இருந்தது. அடுத்த வருடமும் கடுகுதான். அதற்கடுத்து கொஞ்சம் பளபளத்தது. பாலிசி எடுத்த வருடத்தில் நன்றாக மிளகளவு இருந்தது. அதற்கப்புறமும் அவசரப்படாமல்தான் வளர்ந்திருந்தது. டாக்டர் சாது என்று சொன்னது சரிதான்.

ஒவ்வொரு படத்திலும் அவள் மூக்கின் மேல் விழுகிற வெளிச்சம், தாடைக்குக் கீழே விழுகிற நிழல் எல்லாவற்றையும் அளந்து பார்த்தவர்தான் அவர். அளந்த இடத்துக்கு விரற்கடைத் தூரத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் வேலையில் இறங்கினாள். வருடத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி, ஒரே அளவில் வெட்டி, ஒரே தாளில் வரிசையாகப் போடச் சொன்னாள். அவர் போட்டார். பிரிண்ட் கொடுக்கும் நேரத்தில் அவர் கை நின்றது.

"இங்க பாரு. இதைக் குடுத்தா இன்சூரன்ஸ் போச்சு."

"தெரியும்."

"போகாம பண்ணலாம்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார். "பாலிசி எடுத்த வருஷத்துல இதைத் துடைச்சிடறேன். அடுத்த வருஷம் கடுகு வெக்கறேன். அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. டாக்டருக்கும் மெதுவாத்தான் தெரியும், கம்பெனிக்கும் அப்புறம் வந்ததாத்தான் தெரியும். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தமா பண்ணுவேன்."

பண்ணுவார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நிமிஷம் அவளுக்கும் ஆசை வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். புது பிரிண்டருக்கு என்று சேர்த்துவைத்த பணம் அப்படியே மிஞ்சும். பழைய பிரிண்டர் ஒவ்வொரு படத்திலும் ஒரு கோடு இழுத்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். ஈரத் தலையோடு முறைத்துக்கொண்டிருந்த முகம் அவளைத் திருப்பி முறைத்தது. அதில் எங்கே கத்தி வைக்கலாம் என்று ஒரு மனிதர் இந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னொரு தடவை என் மூஞ்சில கை வெச்சீங்கன்னா, கடையில ஒரு மிஷின் மிஞ்சாது, சொல்லிட்டேன். எனக்கு என்ன இருக்கோ அது இருக்கட்டும். பிரிண்ட் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் கட்டரில் வைத்து ஓரங்களை நறுக்கினாள்.

மேஜைப் பெண் தாளைப் பார்த்துவிட்டு அவளையும் பார்த்தாள். "நல்லா யோசிச்சுட்டீங்களாம்மா?" என்றாள். "யோசிச்சா குடுக்க மாட்டேன், வாங்கி வெச்சுக்கோ" என்றாள் சிரிக்காதம்மா. பழைய படங்கள் ஃபைலிலிருந்து வெளியே வந்தன, இந்தத் தாள் உள்ளே போனது.

முடிவை முன்னமே சொல்லிவிடலாம், யாரும் மனசைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். எடுத்த சதையின் ஓரங்கள் எல்லாம் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டே வரியில் கையை விரித்துவிட்டார்கள். பிரிண்டர் பணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. முழுதாகப் போதவில்லை, மீதியைத் தவணையில் கட்ட டாக்டரே ஒரு வார்த்தை சொல்லி ஏற்பாடு செய்தார். படங்களில் கோடு இன்னும் விழுகிறது. வருகிறவர்களிடம், "கோட்டுக்குக் காசு வாங்கறதில்ல" என்று சொல்லிச் சமாளிக்கிறாள். நாத்தனாருக்கு மட்டும் தலைநகரத்துக்குப் போகாத குறை இன்றைக்கும் தீரவில்லை.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அறுவை அன்று காலையில், டாக்டர் அந்தத் தாளை விளக்கடியில் வைத்து ஒவ்வொரு வருடமாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துப் புதிதாக ஒரு வட்டம் போட்டார். கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தாள். சின்ன வட்டம். இமைக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவள் இமையை இரண்டு முறை மூடித் திறந்து பார்த்துக்கொண்டாள். அப்புறம்தான் படுத்தாள்.

"கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஃபைலுக்கு ஒரு படம் வேணும். எங்க கேமரா சார்ஜ் இல்லாம கிடக்கு" என்றாள் நர்ஸ். வாசலில் நின்றிருந்தவர் தோளில் கேமரா தொங்கியது. அவருக்கும் ஒரு பச்சை அங்கியை மாட்டி உள்ளே விட்டார்கள்.

அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். பாதி முகத்தில் மருந்து தடவிப் பழுப்பாகக் கிடந்தாள். கேமராவைக் கண்ணில் வைத்தார். எடுக்கவில்லை. இறக்கி, லென்ஸை அங்கி நுனியால் துடைத்து, மறுபடி வைத்தார். அப்போதும் எடுக்கவில்லை.

"என்னங்க?"

"ஃபோகஸ் ஆகல."

அது தானாக ஃபோகஸ் ஆகிற கேமரா. அவளோடு சேர்ந்து போய்த்தான் அதை வாங்கினார்கள். தலையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், அவள் கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"அழுது முடிச்சிட்டு எடுங்க" என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல, டாக்டர் நிப்பார்."

டாக்டர் கையுறை போட்ட கைகளைத் தூக்கிப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.